அம்பாசிடருக்கு அளவெடுத்தது

என் கணவர் வேல்குமாருக்கு எந்த வேலையையும் ஒரே இடத்தில் கொடுத்துப் பழக்கமில்லை. பனியன் கம்பெனிக்காரர் அல்லவா! நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம் என்று ஊரெல்லாம் ஜாப் ஒர்க் விட்டே பழகியவர், என் அம்பாசிடரையும் அப்படித்தான் பிரித்து மேய்ந்தார். பெயின்ட் பல்லடத்தில், சீட் உறை அருள்புரத்தில். பழைய இஞ்சினைக் கழற்றி வேறு இஞ்சின் வைக்க, பொங்கலூரில் கந்தவேல் பட்டறை.

என் அம்பாசிடர் என்று அழுத்தித்தான் சொல்கிறேன். அப்பாவின் சொத்தைப் பிரித்தபோது அண்ணன் தறிகளை எடுத்துக்கொண்டார். எனக்கு இந்த வண்டி வந்தது. தினமும் கம்பெனிக்கு நானே ஓட்டிப் போனவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விபத்தில் இடதுகால் முறிந்து உள்ளே கம்பி வைத்த பிறகு, கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. வண்டியைப் புதுசாக்கலாம் என்று இவர் சொன்னபோது, மறுபடி ஓட்டப்போகிறேன் என்று உள்ளுக்குள் குதித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. இவருக்குத் தெரியாதா என்ன?

கியர் பாக்ஸும் பின் ஆக்சிலும் முடிவுசெய்ய இருவரும் பட்டறைக்குப் போனோம். கந்தவேல் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த இஞ்சினுக்கு வலு சாஸ்திங்க. பழைய ஆக்சில் தாங்காது, மாத்தோணும். உள்ள எந்தப் பல்லுச் சக்கரம்னு நீங்கதான் சொல்லோணும். உடுமலை ரோட்டுல பறக்கோணும்னா ஒண்ணு, டவுனுக்குள்ள நின்னு நின்னு போறதுன்னா வேற. யாருங்க ஓட்டறது?"

"நான்தானுங்க. பறக்கோணும். அஞ்சு கியர் பாக்ஸ் ஒண்ணு பார்த்துப் பார்த்து எடுத்துட்டு வந்திருக்கறேன், பாருங்க," என்றார் இவர்.

சாக்கின் மேல் அது பளபளவென்று கிடந்தது. நல்ல சாமான்தான். ஆனால் கிளட்ச் மிதித்து ஓட்டுகிற சாமான்.

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

"ஏனுங்க, அளவு வாங்காம என்னைக்காச்சும் கட்டிங் போட்டிருக்கீங்களா?"

"அதெப்படி? சரக்கு வாங்கற பையர் சாம்பிள ஓகே பண்ணாம துணியில கத்தியே வெக்கமாட்டனே."

"இந்த வண்டிக்குப் பையர் யாருங்க?"

இவர் என் காலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நீ இனி ஓட்டமாட்டீன்னு நெனச்சுட்டேன், பிரியா."

எலும்பு முறிந்த அன்றுகூட அப்படி வலிக்கவில்லை. இவர் கெட்டவர் இல்லை. மாதக்கணக்கில் எனக்குக் கால் பிடித்துவிட்டவர். ஆனால் கால் முடங்கியதும் ஆளே முடங்கிவிட்டதாக முடிவுகட்டிவிட்டார்.

"நான் ஓட்டுவனுங்க. கிளட்ச் இல்லாத கியர் பாக்ஸ் வெக்கச் சொல்லுங்க."

கந்தவேல் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஆட்டோமேட்டிக் வெக்கலாமுங்க. ஆனா அது பெருசு. தரையில நடுத் தகட்டை வெட்டி உசத்தோணும், ஷாஃப்ட்டைக் கொறைக்கோணும், ஆக்சில் பல்லும் அதுக்குத் தக்கன மாறும். இன்னும் மூணு மாசம் இழுக்குமுங்க."

"இழுக்கட்டுமுங்க," என்றார் இவர். அஞ்சு கியரைச் சாக்கோடு சுற்றி ஓரமாக நகர்த்தினார்.

"அப்ப அக்கா ஏறி உக்காருங்க. பெடல் எங்க வரோணும்னு அளவெடுத்துக்கறேன்."

உறை இல்லாத சீட்டில் ஏறி, வலதுகாலை நீட்டிக் காட்டினேன். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் வண்டியைச் சுற்றி வந்து, என் இடதுபக்கம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நெளிந்தார்.

"இந்தப் பக்கம் உக்காந்தா கைய எங்க வெக்கறதுன்னே தெரியலையே."

"ரெண்டு வருசமா எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு," என்றேன்.