டூகல் பாட்டைக் கட்டியவன்

மிராமிச்சி ஆற்றங்கரை மரவெட்டிகளில் டூகல் பாட்டுத் தெரியாதவர் கிடையாது. ஆற்றில் மிதக்கவிட்ட கட்டைகள் ஒரு வளைவில் குவிந்து சிக்கிக்கொள்ள, அதை விடுவிக்கப் போன டூகல் அடியில் மாட்டிச் செத்த கதை அது. யார் கட்டியது என்று யாரும் சொன்னதில்லை. அதில் ஒரு சரணம் வரும்:

மண்மூடும் வேளையிலே மரமெல்லாம் அழுததே,
மணக்க இருந்தவளோ பட்டணத்தில் சிரித்தாளே.

பாட்டில் பெயர் இல்லை. ஆனாலும் அவள் ஹனோரா என்று ஊருக்கே தெரியும். அப்போது அவள் சாத்தம் நகரத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அடக்கம் முடிந்த பிறகுதான் பால்காரன் வாயால் சேதி வந்தது. அதை அவள் எத்தனை பேரிடம் சொன்னாலும் எடுபடவில்லை. டூகலின் தாய் சாகும்வரை கோயிலில் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹனோராவைப் பெண் கேட்டு எவனும் வரவில்லை. தம்பி கார்னியோடு அப்பன் வீட்டிலேயே அறுபதைத் தாண்டிவிட்டாள்.

அந்தக் கோடையில் பழைய பாட்டுகளைப் பதிவுசெய்ய டேப் ரெக்கார்டரோடு மிஸ் ஆல்வர்ட் வந்தாள். ஹனோரா ஏழெட்டுப் பாட்டுகள் பாடினாள்.

"டூகல் பாட்டு வராதா உங்களுக்கு?"

"வரும். பாடமாட்டேன்."

"அதைக் கட்டினது யாருன்னாவது தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அவன் வீட்டுக்கே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேனே."

கட்டியவனைத் தேடி மிஸ் ஆல்வர்ட் காரை எடுத்தாள். ஹனோராவும் ஏறிக்கொண்டாள். ஒருவன் தன் மாமனிடம் கற்றதாகச் சொன்னான். மாமன் ஒரு வண்டியோட்டியைக் கைகாட்டினான். வண்டியோட்டி, "எங்க மரவெட்டிக் கூடாரத்துச் சமையக்காரன் பசிஃபிக்கைக் கேளுங்க" என்றான்.

முதியோர் இல்லத்தில் பசிஃபிக் கண் தெரியாமல் படுத்திருந்தான். வந்திருப்பது யார் என்று கேட்காமலே பேச ஆரம்பித்தான்.

"கார்னிப் பய கட்டினது. என் அடுப்புப் பக்கத்துல உக்காந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே கட்டினான். அக்கா காதுல போட்டுறாதீங்கன்னு எல்லார் கால்லயும் விழுந்தான், பாவம்."

மிஸ் ஆல்வர்ட் ஹனோராவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே கார்னி வேகவைத்த அவரைக்கொட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"டூகல் பாட்டை நீயா கட்டின?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "பசிஃபிக் இன்னும் இருக்கானா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உனக்குச் சேதி சொல்ல என்னைத்தான் அனுப்பினாங்க, அக்கா. அவனைத் தண்ணியில இருந்து இழுத்ததும் நான்தான். அந்த முகத்தைப் பாத்துட்டு உன் முன்னாடி எப்படி வந்து நிப்பேன்? தெம்புக்கு ஒரு வாய் குடிக்கலாம்னு சாராயக் கடையில நுழைஞ்சேன். கண்ணு முழிச்சப்ப அடக்கம் முடிஞ்சிருச்சு. அக்கா எங்கடான்னு எல்லாரும் கேட்டாங்க. வரமாட்டேன்னுட்டாள்னு சொல்லிட்டேன்."

"அதோட விட்டிருக்கலாமேடா. பாட்டுல ஏன் வெச்ச?"

"பாட்டுல வெச்சா நானே அதை நம்பிருவேன்னு நெனச்சேன்."

"நம்பினியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

ஹனோரா அவன் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். அன்றிலிருந்து சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். அவன் அவள் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, ரெண்டு அடி அடிச்சிரு" என்றுகூடக் கேட்டுப் பார்த்தான்.

இலையுதிர் காலத்துக் கோயில் விருந்தில் யாரோ டூகல் பாட்டைக் கேட்டார்கள். ஊர் முன்னால் ஒருநாளும் அதைப் பாடாத கார்னி தானாக எழுந்தான். அந்தச் சரணம் வந்ததும் வரிகளை மாற்றிப் பாடினான்:

சேதி கொண்டு போனவனோ சாராயக் கடையிலே,
சேராத சேதிக்கு அவள் என்ன செய்வாளே.

"பெரியவரே, அது அப்படி இல்ல" என்றான் ஒரு லாரிக்காரன்.

"அப்படித்தான். இதைக் கட்டினதே நான்தான்."

"ஆமாமா, மிராமிச்சி ஆத்தை வெட்டினதும் நீங்கதான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பில் கெடுதல் இல்லை. கிழவனுக்குக் குடி ஏறிவிட்டது என்று நினைத்தார்கள். லாரிக்காரன் சரியான சரணத்தை எடுத்துக்கொடுக்க, பெண்களும் சேர்ந்து பாடினார்கள், பட்டணத்தில் சிரித்தாளே என்று. கார்னி, "நிறுத்துங்க, அது பொய், நான் சொன்ன பொய்" என்று கத்தியது பாட்டில் அமுங்கிப்போயிற்று.

ஹனோரா எழுந்துபோய் அவன் கோட்டை எடுத்து வந்தாள்.

"போட்டுக்கோ. வெளியில குளிரு."

கார்னி அழுதுகொண்டே கையை நுழைத்தான். அவள் பித்தான்களை மாட்டிவிட்டாள். இருவரும் வாசலைத் தாண்டும்போது, நடுவில் கெட்டுப்போனதால் உள்ளே இருந்தவர்கள் பாட்டை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தார்கள்.