தரை தொடாத கார்

1968 ஐப்பசி மழையில் பிள்ளையார்பாளையத்துத் தெரு முழுக்கச் சேறாகிக் கிடந்தபோது நெசவாளர் திருஞானசம்பந்தத்தின் கார் அந்தப் பக்கம் போனது. சக்கரத்தடம் எங்குமே பதியவில்லை. தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு பட்டிழை நுழையும் அளவுக்கு அது மிதந்தது. பள்ளம் வந்தால் கண்டுகொள்ளாமல் போனது. நாலு பேர் இழையை விட்டு இழுத்துப் பார்த்து, ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பினார்கள். தீபாவளிச் சேலைகள் பாதியில் நின்றன.

அந்தப் பழைய இங்கிலீஷ் காரை அவர் பவிசுக்காக வாங்கவில்லை. மனைவி மங்கையர்க்கரசி கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து, முதுகு குலுங்கினால் உயிர் போய் உயிர் வரும். பஸ் ஆகாது, மாட்டுவண்டி பேச்சே கூடாது. ஆரணியில் வாழ்க்கைப்பட்ட மகள் ஏலவார்குழலியோ, படுத்த படுக்கையான மாமியாரை விட்டு நகர முடியாதவள். தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீடு வரவில்லை. இரண்டு பிள்ளை ஆகியும் மங்கையர்க்கரசி ஒன்றின் முகத்தையும் பார்த்ததில்லை. "அம்மாவுக்கு மனசு வரல" என்று மகள் சொல்லியனுப்பியது சம்பந்தத்துக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வாங்கிய காரும் குலுக்கு குலுக்கென்று குலுக்கியது. ஏனாத்தூர் மெக்கானிக் முனிசாமி இஞ்சினைப் பிரித்தார். உள்ளே சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்திருந்தன. ஈயக்கலவையை உருக்கி வார்த்துப் புதிதாகச் சுரண்டி எடுத்தார்.

"கிராங்க் பேரிங் மேல ஒக்காரக் கூடாது மொதலியாரே, ஆயில் மேல மெதக்கணும். சந்து ஜாஸ்தியானா லொடலொடன்னும். கம்மியானா ஆயில் நொழையாம எரிஞ்சி பூடும்."

அந்தச் சந்தின் இடைவெளியை அளக்க அவர் ஒரு தலைமுடியைத் தேடினார். முடி ஆளுக்கு ஆள் மாறும், என் பட்டிழை மாறாது என்று சம்பந்தம் ஓர் இழையை வைத்தார். அளந்ததும் உருவியிருக்க வேண்டும். ஆனால் தறியில் பாவாக ஏறிய இழையை அவர் வீட்டில் யாரும் எடுத்தெறிந்ததில்லை; அறுந்தாலும் பிணைப்பார்கள். முனிசாமி பீடி பற்றவைக்கப் போன நேரத்தில், பழக்கதோஷத்தில் சம்பந்தம் நுனியை முடிந்து உள்ளேயே விட்டுவிட்டார். முனிசாமி வந்து போல்ட்டை முடுக்கி ஆயில் ஊற்றினார்.

இஞ்சின் ஓடி ஆயில் ஏறியதும் கிராங்க் மிதந்தது, கூடவே காரும் மிதந்தது. பிரேக் மட்டும் பிடிக்காது. இஞ்சினை அணைத்தால் ஆயில் வடிந்து கார் தானே தரையில் அமரும்.

இழை விஷயம் தெரிந்ததும் முனிசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆயில் வழிய அடைச்சிக்கினா இஞ்சின் ஜாமாயிடும். பிரிச்சி எடுத்துடலாம்."

எடுத்தால் கார் குலுங்கும், ஆரணிப் பயணம் இல்லை. மங்கையர்க்கரசிதான் சொன்னாள்: "நின்னா நிக்கட்டும்பா. நின்ன எடத்துலருந்து எம் பொண்ணு வூட்டுக்கு நடந்தே பூடுறேன்."

இழையோடே ஆரணிக்குப் புறப்பட்டார்கள்; செய்யாறு தாண்டியதும் பின்சீட்டில் பேச்சில்லை. சம்பந்தம் பதறித் திரும்பினார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் அசந்து தூங்கி அவர் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

ஆரணியில் நாலு வீடு முன்னாலேயே இஞ்சினை அணைத்தும் கார் மகள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஏலவார்குழலி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கூடவே ஓடிவந்தாள்.

"நிறுத்துப்பா!"

"நிக்காதும்மா, ஆயில் எறங்கணும்!"

மங்கையர்க்கரசி ஜன்னல் வழியே கை நீட்டிச் சின்னதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். மகள் அழுதுகொண்டே ஓடினாள். கார் தெருமுனையில் போய் அமர்ந்தது.

அடுத்த மாதத்திலிருந்து ஏலவார்குழலி பிள்ளைகளோடு தெருமுனையிலேயே காத்திருந்தாள்.