பிடரியில் ஒரு வட்டம்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததுமே தெரிந்துவிட்டது, என் தம்பிக்கு நேரம் சரியில்லை என்று. ஒரு பையனின் பிடரியில் சுரண்டி எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிய செதில்களைக் காரக் கரைசலில் ஊறவைத்திருந்தேன். அவற்றுக்குள் பூஞ்சை இழைகள் கிளைவிட்டு ஓடின. படர்தாமரையேதான்.

எங்கள் ஃப்ரீஸ்லாந்துச் சிற்றூரில் ஒரே பள்ளி, ஒரே சலூன். சலூன் என் தம்பி வொப்பேயுடையது. ஒரே வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பிடரியில் வட்டமாகத் தடித்து முடி கொட்டியதும், அவர்களில் ஒருவனின் தாய் திட்ஸ்கே ஊர் வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டாள்: மெஷின் படுகிற இடத்திலேயே எல்லோருக்கும் வந்திருக்கிறது, யோசியுங்கள். அந்தச் சனிக்கிழமையே வொப்பேயின் நாற்காலி காலி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது! பூஞ்சை என்று பெற்றோருக்கு முடிவு போனதும் அதையும் குழுவில் போட்டாள்.

வொப்பே என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். காபியைத் தொடவில்லை.

"என் மெஷின்தான்கா. கடையை விலைக்குக் கேட்டு ஒருத்தன் வந்துட்டிருக்கான். கொடுத்துடறேன்."

"வாயை மூடுடா. பூஞ்சைன்னு தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். எந்தப் பூஞ்சைன்னு இன்னும் தெரியல. மனுஷன்கிட்டேருந்து வர்றது வேற, மாட்டுகிட்டேருந்து வர்றது வேற. எல்லாப் பசங்களோட செதிலையும் வளர்ப்புத் தட்டுல போட்டிருக்கேன், வளரட்டும்."

"அது வளர்றதுக்குள்ள நான் தேய்ஞ்சிருவேன்."

"தேய்ஞ்சா தேய். கையெழுத்து மட்டும் போட்டுடாதே."

இந்தத் தட்டுகளோடு மல்லுக்கட்டியே எனக்கு நரை விழுந்தது. நாம் அவசரப்பட்டால் பூஞ்சை கேட்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சுபோலப் படர்ந்தது. வாரங்கள் கழித்துத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்புறம் முட்டைக்கரு மஞ்சள். எல்லாப் பிள்ளைகளின் தட்டிலும் அதே. வொப்பேயின் மெஷினில் துடைத்தெடுத்து வைத்த தட்டில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. எனக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் சொன்னால் அக்கா பாசம் என்பார்கள். அதனால் என்னோடு வேலை பார்க்கும் மிர்தேயின் முன் தட்டுகளை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

ஒரு பார்வைதான் பார்த்தாள். "யாருடி கினிப்பன்றி வளக்கறது?"

அதேதான். அடியில் அந்த மஞ்சள் பூக்கிறது, எலிபோலச் சின்னதாக வீட்டில் வளர்க்கும் கினிப்பன்றியின் ரோமத்தில் குடியிருக்கிற சாதி. உடனே வொப்பேயைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பிள்ளைங்க வீட்ல எங்கயாவது கினிப்பன்றி இருக்காடா?"

"எந்த வீட்லயும் இல்லையே." உடனே குரல் உயர்ந்தது. "அடக் கடவுளே! வகுப்புல இருக்குக்கா! பிண்டா! லீவு நாள்ல ஆளுக்கொரு வீட்டுக்கு விருந்தாளியாப் போகும். தோள்ல ஏத்தினா காலருக்குள்ள பூந்து பிடரியில மூஞ்சியப் புதைச்சுக்குமாம். நாற்காலியில ஏறுன பசங்க எல்லாம் இதே கதையத்தான் சொன்னானுங்க, நான் பாட்டுக்குக் கேட்டுட்டு வெட்டிட்டிருந்தேன்!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கால்நடை மருத்துவர் பிண்டாவைச் சுரண்டி அனுப்பினார். அதிலும் அதே மஞ்சள். பிள்ளைகளுக்கும் மருந்து, பிண்டாவுக்கும் மருந்து. முடிவு குழுவில் வந்தபோது ஒருவர்கூட வொப்பேயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டைவிரல் படங்கள் மட்டும் வரிசையாக விழுந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருந்தெல்லாம் முடிந்தபின், ஒரு நாள் நான் சலூனில் இருந்தபோது திட்ஸ்கே தன் மகன் யெல்மரோடு உள்ளே வந்தாள்.

"எப்படி வெட்டணும்?" என்றான் வொப்பே.

"எப்பவும்போலதான்." அவள் கோட்டைக் கழற்றவில்லை.

மெஷினை எடுத்தவன் பையனின் பிடரிக்கு மேலே கையை நிறுத்திவிட்டான். யெல்மர் தலையைக் குனிந்து விரலால் தொட்டுக் காட்டினான்.

"இங்கதான் மாமா பிண்டா தூங்கும்."

வொப்பே சிரித்துவிட்டான். மெஷின் உறுமத் தொடங்கியது. வெட்டி முடித்ததும் வழக்கம்போலக் கைக்கண்ணாடியைப் பையனின் தலைக்குப் பின்னால் பிடித்தான். பிறகு அதைக் கொஞ்சம் திட்ஸ்கேயின் பக்கமாகத் திருப்பினான். கண்ணாடியில் அந்த வட்டத்தில் புதிதாக முளைத்த மென்முடி தெரிந்தது. அதற்கு மேலே, சிவந்துபோன அவள் முகம்.