குகையில் ஒரு சத்தியம்

முப்பத்தேழு ரூபாய் எட்டணா. அண்ணாமலை அந்தக் கடனைத் திருப்பித் தந்துவிட்டதாகச் சொன்னான். சென்னம்மாள் தன் வீட்டுக்கு ஒரு தம்பிடி வரவில்லை என்றாள். பணத்தை வாங்கியதாக அவன் சொன்ன ஆள் அவள் புருசன் சுப்பையன். பலாமரத்திலிருந்து விழுந்து செத்துப்போய்விட்டான். கொடுத்ததற்குச் சாட்சி ஒரு காக்கை கூட இல்லை.

அதனால்தான் இருவரும் பட்டினியாக ஓடையில் முழுகி, ஈரத்துணியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பூசாரி பொன்னன். சாட்சியில்லாத வழக்கை அந்த ஊரார் குகையில்தான் தீர்ப்பார்கள். எந்தக் காலத்து மனுசரோ சிவப்பில் எழுதிவிட்டுப் போன உருவங்கள் அங்கே பாறைச் சுவரில் உண்டு. அவற்றின்மேல் ஈரக்கை வைத்துச் சத்தியம் செய்யவேண்டும். பொய் சொன்ன கையில் சிவப்பு ஒட்டும் என்பது நம்பிக்கை. ஒட்டினால் அண்ணாமலையின் மிளகுக்கொடி மரங்கள் சென்னம்மாளுக்கு. அந்த மிளகை நம்பித்தான் அவன் மகளுக்குக் கல்யாண நாள் குறித்திருந்தான். ரோட்டுக்குக் கல் உடைக்கிற கூலி அடுப்புக்கே பத்தவில்லை.

அவன் கொடுத்தது உண்மைதான். ஆனாலும் நெஞ்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. சரியாக எண்ணிக் கொடுத்தோமா? ஒரு ரூபாய் குறைந்திருக்குமோ? குறைந்திருந்தால் அதுவும் பொய்தானே?

“என்ன அண்ணாமல, கல்லு ஒடைக்கிற ஆளு, காலு இப்படித் தந்தியடிக்குது?” என்றாள் சென்னம்மாள்.

“பசிங்க அக்கா.”

“எனக்குந்தான் பசி. எங்காலு நேராத்தானே போகுது.”

குகைக்குள் குனிந்து நுழைந்தார்கள். உள்ளே ஒரே வௌவால் நாற்றம். பொன்னன் பந்தத்தைத் தூக்கிப் பிடித்தான். சுவரில் வளைந்த கொம்போடு ஒரு மிருகம். அதைச் சுற்றிக் கை தூக்கி நிற்கும் குச்சி மனிதர்கள். தீ ஆட ஆட அவர்களும் நகர்ந்தார்கள். தன்னைத்தான் வளைக்கிறார்கள் என்று அண்ணாமலைக்குத் தோன்றியது.

“சொல்லு சாமி,” என்றான் பொன்னன்.

அண்ணாமலை மிருகத்தின் வயிற்றில் கையை அழுத்தினான். “சுப்பையண்ணங்கிட்ட முழுப்பணமும் குடுத்துட்டேன். சத்தியம்.”

கையை எடுத்தான். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

அவன் அதை வேட்டியில் துடைத்தான். வேட்டியும் சிவந்தது. “ஒரு ரூவா கொறஞ்சிருக்கும் அக்கா, அதுக்கு மேல இல்லீங்க…” என்று உளறினான்.

சென்னம்மாளும் கை வைக்கவேண்டும், அது முறை. பொன்னன் அவசரமாகக் குறுக்கே வந்தான். “அதான் தெரிஞ்சுபோச்சே தாயி. நீ வெக்க வேண்டாம், வா போலாம்.”

“அதெப்படிங்க? கை வெக்காமயே செயிச்சுட்டாள்னு ஊரு சிரிக்கும்.” அவனை ஒதுக்கிவிட்டுக் கையை வைத்தாள். “எங்கூட்டுக்குக் காசு வரலை. சத்தியம்.”

அவள் கையும் சிவந்திருந்தது.

“ஏனுங்க பூசாரி, இது என்னங்க?”

பொன்னன் தலையைச் சொறிந்தான். “உருவெல்லாம் மங்கிக் கெடந்துச்சு தாயி. பாக்கப் பாவமா இருந்துச்சு. நோம்பிக்குச் சாமி கும்பிட வருவாங்களேன்னு காவி கரைச்சு நாந்தான் மேல பூசுனேன்.”

“கையில ஒட்டாம இருக்கப் பிசின் போட்டுத்தானே கரைச்சீங்க?”

“பிசின் போடணுமா?”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வௌவால்கள் கலைந்து பறந்தன. சிரித்து ஓய்ந்தபின் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“என்னிக்குக் குடுத்தே?”

“மாசிச் சந்தையிலங்க. ஆடு வாங்கப் போறேன்னு கவுறு வெச்சிருந்தாரு.”

சென்னம்மாள் தன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

“வெறுங்கவுத்தோடதான் வந்தாரு. துண்டெல்லாம் சேவ ரத்தம். கோழிக்கறியா கொண்டாந்தீங்கன்னு கேட்டேன். சேவக்கட்டுல பந்தயம் கட்டிப் பணத்த உட்டுட்டு வந்த மனுசன் என்னத்தச் சொல்லுவாரு? பேசாமப் படுத்துட்டாரு.”

குகை வாசலுக்கு வந்ததும் குனிந்து ஒரு காய்ந்த புல்லைப் பிடுங்கினாள். கடனைத் தள்ளுகிறவர் துரும்பு கிள்ளிப் போடுவது அங்கே வழக்கம்.

“எனக்குப் பெரிய மனசுன்னு நெனச்சுக்காத. செத்தவருகிட்டப் போயிக் கணக்குக் கேக்க முடியாது, அதுதான்.”

சிவந்த கையாலேயே புல்லை இரண்டாகக் கிள்ளி, அவன் காலடியில் போட்டாள்.