புது எஞ்சின் போட்ட வாரம்

அந்த அலுவலகத்தில் வலைத்தளம் கட்டப் பயன்பட்ட பைதான் ஃபிரேம்வொர்க்கோடு வந்த டெம்ப்ளேட் எஞ்சின், அதாவது தகவலை வலைப்பக்கமாக வார்த்துத் தரும் பகுதி, ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மூத்த நிரலாளருக்குக் கை சும்மா இருக்கவில்லை. இதைவிட வேகம் என்று வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்தி, அலுவலகம் முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

அந்த வாரமே வினை வந்தது. அவர்கள் செய்துகொடுத்திருந்த கால்நடை மருத்துவமனைத் தளத்தில், கருத்துப் பெட்டிக்குள் எவனோ ஒரு விஷமி நாலு வரி நிரல் எழுதிவிட்டுப் போயிருந்தான். பக்கத்தைத் திறந்தவர்களையெல்லாம் அது ஒரு சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிட்டது.

முதலாளி நேராக அந்தப் பக்கத்தைச் செய்த டிசைனரிடம் போனார். வேலையில் இன்னும் கால் ஊன்றாத பெண்.

"கண்ண மூடிக்கிட்டா வேலை பாக்கற? ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நான் எந்த முகத்தோட பதில் சொல்றது?"

எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மூத்தவருக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டிருந்தது. பழைய எஞ்சின், வெளியார் எழுதும் எதையும் நிரலாக ஓடவிடாமல் வெறும் எழுத்தாக்கித்தான் காட்டும். புதியதில் அந்தக் காவலை நாமே போட வேண்டும். அவர் போடவில்லை. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பீற்றிக்கொண்ட வாய்க்கு அது வரவில்லை. விட்டுப்போன வரியை ஓசைப்படாமல் சேர்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டதும் சொன்னார்.

"அந்தப் பொண்ணு திட்டு வாங்கறப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

"பக்கத்து சீட்ல."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். முதலாளி சிரித்தார். "அட, விடுங்க சார். பெரிய வேலை செய்யறவங்களுக்கு அப்பப்ப கை தவறத்தான் செய்யும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. தனக்கு ஒரு சிரிப்பு, அவளுக்கு அத்தனை பேச்சு. கூசிப்போய் வெளியே வந்தவர், உட்காராமல், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "நேத்து நடந்ததுக்கு நான்தான் காரணம். புது எஞ்சின்ல காவலுக்கான செட்டிங்க நான் போடல. இவங்க மேல தப்பு இல்ல. நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல."

டிசைனர் நிமிர்ந்தாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.

"அந்த செட்டிங் எங்க இருக்குன்னு காட்டுங்க சார்," என்றாள். "இனிமே நானே பாத்துக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக் காட்டிக்கொடுத்தார். அவள் முகத்தை மட்டும் அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.