படுக்கை உயரம்

சுவரில் இரண்டு சாம்பல் நிறச் சதுரங்கள் இருந்தன. ஒன்று அவள் கண்ணுக்கு நேராக, மற்றது முழங்கால் உயரத்தில். எதை அடிப்பது என்று கேட்ட பெயிண்டர், தனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பதையும் கூச்சப்படாமல் சொன்னார்.

கணவர் போய் நான்கு மாதம். படுக்கையில் விழுந்ததும், நாள் முழுக்கப் பார்க்கிற சுவராவது தான் கேட்ட நிறத்தில் இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவளும் விடவில்லை. ஆளுக்கொரு சின்ன டப்பா வாங்கி ஆளுக்கொரு சதுரம் அடித்தார்கள். "ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொல்றாரு. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகல போல" என்று சிரித்தார். அந்த நிற வழக்கு முடியுமுன் அவர் முடிந்துபோனார்.

பார்க்க வந்திருந்த நாத்தனார், மேலே இருந்த சதுரத்தை விரலால் தடவினாள். "அண்ணன் ஆசைப்பட்டது இதுதானே. இதையே அடிச்சிடுங்க அண்ணி."

நாத்தனார் மனதில் ஆறடி அண்ணன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நினைத்த நிறமும் கிடைக்கும், நல்ல பெயரும் கிடைக்கும். இருபத்தாறு வருடத்தில் அவரை எத்தனையோ முறை ஏமாற்றி ஜெயித்திருக்கிறாள். அப்போதெல்லாம் திருப்பிக் கேட்க அவர் இருந்தார்.

"அது என்னோடது. கீழ இருக்கிறதுதான் அவரோடது. படுத்துக்கிட்டே அடிச்சாரு. கை அவ்வளவுதான் எட்டுச்சு."

நாத்தனார் கீழே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்படியென்றால் அதையே அடிக்கலாமே என்றாள், மெதுவாக.

"இல்ல, என்னோடதையே அடிக்கட்டும். இனிமே இங்க தையல் மெஷின் வரப்போகுது. இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கப்போறவ நான்தானே."

சுவரோரம் கிடந்த ஸ்டூலை நாத்தனாரே நகர்த்தி வைத்தாள்.

மாலையில் பெயிண்டரின் ரோலர் கீழ்ச் சதுரத்தருகே வந்து நின்றது. மூடிவிடவா என்று அவர் கேட்கவில்லை, திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள், வேண்டாமென்று. ரோலரை வைத்துவிட்டுச் சின்ன பிரஷ்ஷால் சுற்றிலும் அடித்தார்.

ஈரத்தில் அந்தச் சதுரம் தனியாகத் தெரிந்தது. காயக் காய அதன் ஓரங்கள் ஒவ்வொன்றாகச் சுவருக்குள் போயின. பெயிண்டர் துணியை மடித்துக் கிளம்பும்போது அது எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து கையை நீட்டி, பார்க்காமலே அதைத் தொட்டாள்.