பொறுப்பு எங்க?

வாயைத் துடைக்கக் கொண்டுபோன ஈரத்துணியை அப்பா இடது கையால் தட்டிவிட்டார். வலது கையும் காலும் ஒன்பது நாளாக அவர் பேச்சைக் கேட்பதில்லை. தட்டிய கை அப்படியே உயர்ந்து, அவள் தோளுக்கு மேலாக நீண்டது.

"பொறுப்பு," என்றார். "பொறுப்பு எங்க?"

"நான் இங்கதானேப்பா இருக்கேன்."

அது இல்லை என்று தலையை ஆட்டினார். உதடுகளைக் கூட்டி மறுபடி முயன்றார். "பொறுப்பு."

கதவில் சாய்ந்து நின்ற தம்பி, "நீ வந்த அன்னிலேர்ந்துதான் இப்படிக் கேக்குறாரு," என்றான்.

அவள் வந்த அன்றிலிருந்துதான் டியூப்லைட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பகலிலும் விளக்கு வேண்டிய அறை. அதைச் சரிசெய்ய ஆள் கூப்பிட யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

கை நீட்டிக் காட்ட முடியாத சொற்கள், நியாயம், சந்தேகம், சுதந்திரம் போன்றவை, மனத்தில் எப்படித் தங்குகின்றன என்பதுதான் அவளுடைய இருபது வருட ஆராய்ச்சி. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடமும் பேசுவாள். நாற்காலியைக் காட்டிவிடலாம், நியாயத்தை எப்படிக் காட்டுவீர்கள் என்று ஆரம்பிப்பாள். எலக்ட்ரீஷியனான அப்பாவுக்கு அது தீராத வேடிக்கை.

"காட்ட முடியாததுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?"

"நீங்க கரண்ட்டைக் காட்டுங்க பாப்போம்."

"தொட்டுப் பாரு. அதுவே காட்டும்."

பக்கவாதத்தில் மூளை அடிபட்டால் சிலருக்குப் பொருள்களின் பெயர்கள் போய்விடும், உருவமற்ற சொற்கள் மிஞ்சும் என்று வந்த அன்றே தம்பிக்கு விளக்கியிருந்தாள். பையிலிருந்த பட அட்டைகளை, கோப்பை, சாவி, நாற்காலி என்று, ஒவ்வொன்றாக அப்பாவிடம் நீட்டியும் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அவளைத் தாண்டிக் கை நீட்டினார்.

"நீயே சொன்னேல்ல, அந்த மாதிரி வார்த்தைதான் மிஞ்சும்னு," என்றான் தம்பி இப்போது. "மிஞ்சினதைக் கேக்குறாரு."

"சும்மா இருடா."

"பொறுப்பு," என்றார் அப்பா.

அவள் ஈரத்துணியைக் கட்டிலில் போட்டாள். "எந்தப் பொறுப்புப்பா? மாசாமாசம் வரலையா? டாக்டரைப் பிடிச்சது யாரு? எதை விட்டேன்னு சொல்லுங்க. சொல்லிடுங்க."

நீண்டிருந்த கை மெதுவாக இறங்கியது. அதன் பிறகு அவர் கேட்கவில்லை. மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றது.

செய்தி கேட்டு முதலில் வந்தவர் ஃபியூஸ் மாமா. அப்பாவோடு முப்பது வருடம் வேலைக்குப் போனவர். வெகுநேரம் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நாலு நாளா," என்றாள்.

"இதைப் பாத்துக்கிட்டு இவன் எப்படிப் படுத்திருந்தான்?"

எழுந்து வந்தார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், தோளுக்கு மேலே, சுவிட்சுப் பலகை இருந்தது. அதை நோக்கிக் கை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"செருப்பு எங்க?"

அவள் ஈரத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன மாமா?"

"செருப்பும்மா. அவனோட ரப்பர் செருப்பு. அதைப் போடாம சுவிட்சுல கை வைக்கவே மாட்டான். என்னையும் விடமாட்டான்."

தம்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

இடத்தை அடைக்கிறது என்று அவள்தான் எடுத்துப் போட்டிருந்தாள், வந்த அன்றைக்கே. பின்கட்டில், பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் கிடந்தது. கட்டைவிரல் அழுந்திய பள்ளத்தில் தூசி. புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. செருப்பு. பொறுப்பு. செருப்பு.

மாமா அதில் காலை நுழைத்துக்கொண்டு மெயினை அணைத்தார். பலகையைக் கழற்றி, தளர்ந்திருந்த ஒரு திருகை முறுக்கினார். இரண்டு நிமிட வேலை. மெயினைப் போட்டதும் விளக்கு துடிக்காமல் எரிந்தது. அப்பாவின் முகம் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

மாமா கழற்றிவிட்டுப் போன செருப்பை எடுத்து வந்து கட்டிலருகே, காலை இறக்கினால் எட்டும் இடத்தில், ஜோடியாக வைத்தாள். பிறகு குனிந்து, இடது செருப்பை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.